கௌபாய் ஹீரோவுக்குப் பக்கத்தில் ஏன் எப்போதும் ஒரு பொக்கைவாய்த் தாத்தா?

அரளிப்பூ:

ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த கேள்வி, சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

அப்பா போன வருடம் ரிடையர் ஆனார். காலேஜ் நாட்களில் லயன் காமிக்ஸில் ஊறியவர். வீட்டுக்கு யார் வந்தாலும் இரவுக் கழுகார், வெள்ளிமுடியார் என்று அதில் வந்த கௌபாய் ஹீரோக்களைப் பற்றி ஆரம்பித்துவிடுவார், வந்தவர்கள் காபியைக்கூட முழுசாகக் குடிக்காமல் கிளம்பிவிடுவார்கள். இப்போது மத்தியானம் சாப்பிட்டதும் டிவியில் யூடியூபைப் போட்டு 1940, 50களில் வந்த வெஸ்டர்ன் படங்களாகப் பார்த்துத் தள்ளுகிறார். வீட்டிலிருந்து வேலை பார்க்கிற நாட்களில் நானும் லேப்டாப்போடு பக்கத்தில் உட்கார்ந்து அரைக்கண்ணால் பார்த்துப் பார்த்து, இப்போது எனக்கும் பழகிவிட்டது.

சந்தேகம் என்னவென்றால், ஹீரோ எப்படிப் புழுதியில் புரண்டாலும் சட்டை கசங்குவதில்லை, தொப்பி விழுவதில்லை. சரி, ஹீரோ. ஆனால் அவர் பக்கத்தில் தாடியும் பொக்கைவாயுமாக ஒரு தாத்தா முணுமுணுத்துக்கொண்டே வருகிறார். அடுத்த படத்தில் வேறு ஹீரோ, அதே தாத்தா! தாத்தா இல்லையென்றால் கீச்சுக்குரலில் ஒரு குண்டு ஆள். அப்புறம் குதிரை. ராய் ரோஜர்ஸ் படங்களில் டைட்டிலில் முதலில் அவர் பெயர், அடுத்து குதிரை பெயர், அதற்கடுத்து தாத்தா, அதற்கும் பிறகுதான் ஹீரோயின். எந்த ஊர் நியாயம் இது?

அப்பா கட்சி: குதிரைதான் உண்மையான கூட்டாளி, தாத்தா சும்மா ஊறுகாய். என் கட்சி: தாத்தா இல்லாவிட்டால் பத்து நிமிஷத்தில் தூங்கிவிடுவேன். (அப்பாவுக்கே பல்செட் கட்டி மூன்று மாதம்தான் ஆகிறது, அதனால் பொக்கைவாய் ஜோக் எதுவும் அவருக்குப் பிடிப்பதில்லை, அது வேறு விஷயம்.)

இன்னொன்று. லோன் ரேஞ்சர் தொடரில் ஹீரோவின் பூர்வகுடிக் கூட்டாளி டோன்டோவை ஊருக்குள் அனுப்புகிறார்கள், அவன் அடிவாங்குகிறான். மறுபடி அனுப்புகிறார்கள், மறுபடி அடிவாங்குகிறான். இதெல்லாம் அப்போது யாருக்கும் உறுத்தவில்லையா?

*

ரேடியோப்பெட்டி:

நல்ல கேள்விதான் அம்மா, எதற்குச் சிரிக்க வேண்டும்.

டோன்டோவிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்கள் முதல் கேள்விக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது. லோன் ரேஞ்சர் முதலில் டிவிக்காக வந்ததே இல்லை. 1933 ஜனவரியில் டெட்ராய்ட் நகரத்து ரேடியோ நிலையம் ஒன்றில் ஆரம்பித்த நாடகம். பெயரைப் பாருங்கள், லோன் என்றால் தனி, ஒற்றை ஆள். ஒற்றை ஆள் வெட்டவெளியில் குதிரையில் போகிறான், சரி, யாரிடம் பேசுவான்? நாவலில் என்றால் மனசுக்குள் என்ன நினைத்தான் என்று எழுதிவிடலாம், உங்கள் அப்பா படித்த காமிக்ஸ் என்றால் தலைக்கு மேல் ஒரு மேகம் வரைந்தால் முடிந்தது. ரேடியோவில் வாயைத் திறக்காத ஹீரோ என்றால் வெறும் குளம்புச் சத்தம்தான். பத்துப் பன்னிரண்டு எபிசோடு ஓடியதற்குள் எழுதுகிற ஃபிரான் ஸ்டிரைக்கருக்கு இந்தச் சிக்கல் கழுத்தைப் பிடித்துவிட்டது. டோன்டோ பிறந்தது அப்படித்தான், ஹீரோ பேசுவதைக் கேட்க ஒரு காது வேண்டும் என்பதற்காக.

வில்லுப்பாட்டில் புலவர் பக்கத்தில் உட்கார்ந்து "ஆமா" போடுவாரே, அவரை எடுத்துவிட்டுக் கதை சொல்லிப் பாருங்கள். அதே வேலைதான்.

டோன்டோ ஏன் எப்போதும் அடிவாங்குகிறான் என்பதற்கும் கதைக்கட்டில் காரணம் உண்டு. ஹீரோ முகமூடி போட்டவர். அந்த முகத்தோடு ஊருக்குள் நுழைந்தால் கொள்ளைக்காரன் என்று முதலில் ஷெரீப்பே சுட்டுவிடுவார். அதனால் துப்பு விசாரிக்க டோன்டோதான் போயாக வேண்டும். போனவன் வெற்றிகரமாகத் திரும்பி வந்துவிட்டால் அரைமணி நேர எபிசோடு கால்மணியில் முடிந்துபோகும்.

ரேடியோவில் டோன்டோவுக்குக் குரல் கொடுத்தவர் ஜான் டாட் என்ற வயதான வெள்ளைக்கார மேடை நடிகர். கேட்பவர்களுக்கு முகம் தெரியாதே. 1949இல் டிவிக்குப் போனபோதுதான் நிஜமான பூர்வகுடி நடிகர் வந்தார்.

*

சுருட்டுமீசை:

பொக்கைவாய்த் தாத்தா கட்சிக்கு ஆள் சேர்க்க வந்திருக்கிறேன்.

நீங்கள் பார்த்த தாத்தா அநேகமாக ஜார்ஜ் "கேபி" ஹேஸ். அவர் கதை எந்த வெஸ்டர்னையும் விட நன்றாக இருக்கும். 1885இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர், மேடை நடிகர், நன்றாகச் சம்பாதித்து நாற்பத்து மூன்று வயதில் போதும் என்று ஒதுங்கியவர். 1929இல் பங்குச்சந்தை சரிந்ததில் சேர்த்ததெல்லாம் போச்சு. பிழைப்புக்கு ஹாலிவுட் வந்தார். குதிரை ஏறவே அந்த வயதில், படத்துக்காகக் கற்றுக்கொண்டார். நம் மனசில் பிறக்கும்போதே சேணத்தில் விழுந்தவர் மாதிரி நிற்கிற ஆளுக்கு அதுவரை குதிரைச்சவாரி தெரியாது! கேமராவுக்கு வெளியே கோட்டு சூட்டு போட்டு, தாடியை ஒழுங்காக வெட்டி, பல்செட் மாட்டிக்கொண்டு நடப்பாராம். வேஷம் என்றால் பல்லைக் கழற்றி வைத்துவிட்டு, தொப்பி விளிம்பை நெற்றிக்கு மேலே மடக்கிவிட்டுக்கொண்டால் கேபி ரெடி.

பெயர் வந்த கதையும் சுவாரஸ்யம். 1930களில் ஹாபலாங் காஸிடி படங்களில் விண்டி என்ற பாத்திரம் செய்துகொண்டிருந்தார், விண்டி என்றால் வெட்டியாக அளக்கிறவன். அப்புறம் சம்பளத் தகராறில் ரிபப்ளிக் ஸ்டூடியோவுக்கு மாறினார். விண்டி என்ற பெயரின் உரிமை பழைய கம்பெனியிடமே இருந்தது. என்ன செய்வது, கேபி என்று வைத்துக்கொண்டார், அதாவது வாயாடி. அதே மாட்டுக்குப் புதுக் கயிறு, அவ்வளவுதான்.

ஆனால் எனக்கு இந்த ரகத்தில் ராஜா வால்ட்டர் பிரென்னன்தான். துணை நடிகருக்கான ஆஸ்கர் மூன்று முறை வாங்கியவர் (1936, 38, 40 படங்களுக்கு), மூன்றாவது ஒரு வெஸ்டர்னுக்காகவே. 1948இல் வந்த ரெட் ரிவர் படத்தைத் தேடிப் பிடித்து அப்பாவுக்குப் போட்டுக் காட்டுங்கள். அதில் அவர் மாட்டு மந்தையோடு போகிற சமையல்காரர். சீட்டாட்டத்தில் தன் பல்செட்டையே பந்தயம் வைத்துத் தோற்றுவிடுகிறார், ஜெயித்தவர் ஒரு பூர்வகுடிக்காரர். சாப்பாட்டு வேளைக்கு மட்டும் பல்லைத் திருப்பித் தருவார், சாப்பிட்டதும் வாங்கி வைத்துக்கொள்வார். ஜான் வெய்ன் அந்தப் படத்தில் யாரும் நெருங்க முடியாத சிடுமூஞ்சி, மனுஷன் செய்வது தப்பு என்று முகத்துக்கு நேராகச் சொல்லும் துணிச்சல் அந்தப் பல்லில்லாத சமையல்காரருக்குத்தான் இருக்கிறது. தாத்தா ஊறுகாய் இல்லை என்று உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள்.

*

செங்காந்தள்:

ரேடியோப்பெட்டி ஐயா சொன்னது சரிதான், ஆனால் "கதைக்கட்டில் காரணம் உண்டு" என்று அவ்வளவு சுலபமாகத் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை. யாரை "ஆமா" போட வைத்தார்கள் என்று பார்க்க வேண்டாமா?

டிவியில் டோன்டோவாக நடித்த ஜே சில்வர்ஹீல்ஸ் கனடாவில் ஒன்டாரியோவின் சிக்ஸ் நேஷன்ஸ் என்ற பூர்வகுடி நிலத்தில் பிறந்த மோஹாக் இனத்தவர். இயற்பெயர் ஹரால்ட் ஸ்மித். லக்ராஸ் விளையாட்டில் பெரிய கை. தெளிவாக ஆங்கிலம் பேசத் தெரிந்த அந்த மனிதரை 1949 முதல் 57 வரை, இலக்கணமில்லாமல் ஒடித்து ஒடித்துப் பேச வைத்தார்கள். இதில் ஸ்பானிஷ் மொழியில் டோன்டோ என்றாலே முட்டாள் என்று அர்த்தம், அதனால் ஸ்பானிஷில் டப் செய்தபோது பெயரை டோரோ என்று மாற்றினார்கள். டப் செய்தவர்களுக்கு உறுத்தியிருக்கிறது பாருங்கள். அரளிப்பூ கேட்டதற்கு இதுவே பாதிப் பதில்.

மீதிப் பாதி அவர் பிறகு செய்தது. 1960களில் லாஸ் ஏஞ்சலஸில் பூர்வகுடி நடிகர்களுக்கென்று ஒரு பயிற்சிப் பட்டறை ஆரம்பித்தார், பூர்வகுடி வேஷத்துக்கு வெள்ளைக்காரருக்குச் சாயம் பூசுகிற காலம் போக வேண்டும் என்பதற்காகத்தான். 1979இல் ஹாலிவுட் நடைபாதையில் அவருக்கு நட்சத்திரம் பதித்தார்கள், அடுத்த வருடம் இறந்துபோனார்.

இதே காலத்தில் சிஸ்கோ கிட் தொடரில் ஹீரோவின் கூட்டாளி பாஞ்சோவாக வந்த லியோ கரில்லோவையும் சொல்ல வேண்டும். தொப்பையும் தப்புத்தப்பான ஆங்கிலமுமாகச் சிரிக்க வைப்பார். நிஜத்தில் கலிஃபோர்னியாவின் பழைய பெரிய குடும்பத்துப் பிள்ளை, படித்தவர். 1950இல் தொடர் ஆரம்பித்தபோது வயது எழுபதை ஒட்டி, அந்த வயதில் குதிரை மேல்! அங்கே ஒரு கடற்கரைப் பூங்காவுக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான்.

எனக்கு இந்தத் தொடர்கள் பிடிக்கும், பார்க்கிறேன். ஆனால் டோன்டோ வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கல் கடிபடும், அதைத் துப்பிவிட்டுத்தான் மேலே பார்க்க வேண்டியிருக்கிறது.

*

சுருட்டுமீசை:

செங்காந்தள், ஒத்துக்கொள்கிறேன். கேபி ஹேஸுக்குப் பல்லைக் கழற்ற முடிந்தது, மாட்ட முடிந்தது. டோன்டோவுக்கு அந்த வசதி இல்லை.

*

லாடக்காரன்:

எல்லாரும் தாத்தாவையே பேசிக்கொண்டிருந்தால் எப்படி, அரளியின் அப்பாவுக்கு ஆதரவாக ஒரு குரல்கூட இல்லையா? நான் வருகிறேன். என் தாத்தா ஜட்கா ஓட்டியவர், குதிரையைப் பற்றி யாராவது குறைத்துப் பேசினால் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

முதலில் ட்ரிக்கர். ராய் ரோஜர்ஸின் பொன்னிறக் குதிரை. அதன் முதல் பெயர் கோல்டன் கிளவுட், ராயிடம் வருவதற்கு முன்பே 1938இல் வந்த ராபின் ஹூட் படத்தில் கதாநாயகி ஒலிவியா டி ஹாவிலண்ட் ஏறி வந்த குதிரை அதுதான். அதே வருடம் ராய் முதன்முதலாக ஹீரோ ஆனபோது ஸ்டூடியோ வாடகைக்குக் கொண்டுவந்த குதிரைகளில் இதன் மேல் ஏறிப் பார்த்தார், அதோடு சரி, இறங்கவே இல்லை. பிறகு 2,500 டாலர் கொடுத்துச் சொந்தமாகவே வாங்கிக்கொண்டார். அன்றைக்கு அது யானை விலை. பழக்கியவர் கிளென் ராண்டல் என்ற ஆள், 1959 பென்ஹரில் ரதம் இழுத்த குதிரைகளையும் அவர்தான் பழக்கினார் என்றால் கையைப் புரிந்துகொள்ளுங்கள். டைட்டிலில் குதிரைக்கு இரண்டாம் இடம் ஏன் என்று கேட்டிருந்தீர்கள். தியேட்டருக்கு வந்தது சின்னப் பிள்ளைகள் அம்மா. அவர்களுக்கு ஹீரோயின் எதற்கு?

1965இல் ட்ரிக்கர் செத்தது. ராய்க்குப் புதைக்க மனசு வரவில்லை. தோலை மட்டும் உரித்து, முன்னங்கால் இரண்டையும் தூக்கி நிற்கிற மாதிரி செய்த அச்சின் மேல் போர்த்தி, தன் மியூசியத்தில் நிறுத்தினார். பஞ்சு அடைத்தார்கள் என்று பலரும் சொல்வது தப்பு. ராயும் போய், மியூசியமும் மூடிய பிறகு, 2010இல் நியூயார்க்கில் ஏலம் விட்டார்கள், 2,66,500 டாலருக்குப் போனது. கூட நடித்த புல்லட் என்ற நாயும் அதே ஏலத்தில் 35,000. இரண்டையும் நெப்ராஸ்காவின் கிராமத்து டிவி சேனல் ஒன்றே வாங்கியது, அந்த மட்டில் ஜோடி பிரியவில்லை.

ஆனால் எனக்கு இதைவிடப் பிடித்தது நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ஏறிய பை என்ற குதிரை. டைட்டிலில் பெயர் கிடையாது, வித்தை காட்டாது, செம்பழுப்பில் சின்னதாக ஒரு குதிரை. 1950இலிருந்து இருபது வருடம் ஸ்டூவர்ட் வெஸ்டர்ன் என்றால் அதன் மேல்தான். அவர் விலைக்குக் கேட்டும் உரிமையாளர் கொடுக்கவில்லை, படத்துக்குப் படம் வாடகைதான். ஃபார் கன்ட்ரி படத்தில் ஒரு காட்சி வரும். ராத்திரி, வில்லன்கள் சாராயக்கடையில் துப்பாக்கியோடு காத்திருக்கிறார்கள். ஸ்டூவர்ட்டின் சேணத்தில் எப்போதும் ஒரு சின்ன மணி கட்டியிருக்கும், அந்தச் சத்தம் கேட்டால் அவர் வருகிறார் என்று அர்த்தம். மணிச்சத்தம் நெருங்கி நெருங்கி வருகிறது. பார்த்தால் சேணத்தின் மேல் ஆளே இல்லை, குதிரை மட்டும் தெரு முழுக்கத் தனியாக நடந்து வருகிறது. எடுத்த அன்று பழக்குநர் பக்கத்தில் இல்லை. ஸ்டூவர்ட்டே குதிரையின் காதருகே போய் இங்கிருந்து அங்கே வரைக்கும் நடக்க வேண்டும் என்று பேசினாராம், பை ஒரே டேக்கில் நடந்து முடித்தது. நம்புகிறவர்கள் நம்பலாம், குதிரை வளர்த்த வீட்டுப் பிள்ளை நான் நம்புகிறேன்.

1970இல் வெளிவந்த தன் கடைசிப் படத்தை நியூ மெக்ஸிகோவில் எடுத்தபோது பைக்கு முடியாமல் போய்விட்டது, மேட்டுக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை. கூட நடித்த ஹென்றி ஃபோண்டா ஓய்வு நேரத்தில் போய் உட்கார்ந்து அந்தக் குதிரையை வாட்டர்கலரில் வரைந்து நண்பர் ஸ்டூவர்ட்டுக்குக் கொடுத்தார். கொஞ்ச நாளில் பை செத்துப்போனது.

பெருமை பேசியதோடு அசிங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹீரோவின் குதிரைக்குத்தான் இந்த உபசாரம். கூட்டத்தில் ஓடுகிற குதிரைகளை யார் கேட்டார்கள்? முன்னங்கால்களில் கம்பி கட்டி, மறுமுனையைத் தரையில் அடித்த முளையில் மாட்டி, முழு வேகத்தில் ஓடவிடுவார்கள், கம்பி தீர்ந்ததும் குட்டிக்கரணம். படத்தில் "சுடப்பட்ட" குதிரை விழுகிற காட்சி பலதும் இப்படி எடுத்ததுதான். 1939இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் படத்துக்காகச் செங்குத்தான பாறை மேலிருந்து ஏரிக்குள் தள்ளிவிட்டதில் ஒரு குதிரை செத்துப் பெரிய ரகளையாகி, அதற்குப் பிறகுதான் 1940இலிருந்து அமெரிக்கன் ஹியூமேன் அமைப்பு படப்பிடிப்பை வந்து கண்காணிக்க ஆரம்பித்தது.

*

ரேடியோப்பெட்டி:

லாடக்காரரே, அந்த மணிச் சமாச்சாரம் பிரமாதம்.

நாயையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ரின் டின் டின் முதல் உலகப்போரின்போது 1918இல் ஃபிரான்ஸில் குண்டு விழுந்த ஒரு நாய்க்கொட்டகையில் அமெரிக்கச் சிப்பாய் ஒருவர் கண்டெடுத்த குட்டி. ஊமைப்பட நாட்களிலேயே நட்சத்திரம், 1932இல் செத்தது. 1950களில் டிவியில் கோட்டைக்குள் ஒரு பையனோடு ஓடியது அதே பெயரில் வேறு நாய்கள். லக்கி லூக் என்ற கௌபாய் காமிக்ஸில் வருகிற மண்டு நாய் ரின் டின் கேன் இதைக் கிண்டல் செய்து வந்ததுதான், அரளியின் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும்.

*

அரளிப்பூ:

ஐயோ, ஒரு நாள் வராமல் இருந்தால் இவ்வளவா! எல்லாருக்கும் நன்றி. அப்பாவுக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். ரின் டின் கேன் விஷயம் அவருக்கு "அது எனக்கு எப்பவோ தெரியும்". ட்ரிக்கர் தோல் விஷயம் கேட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "எங்கிட்ட கேட்டிருந்தா புதைச்சிருப்பேன்" என்றார்.

இப்போது கன்ஸ்மோக் என்ற டிவி தொடரை ஆரம்பித்திருக்கிறோம். அதில் காலை விறைத்துக்கொண்டு நொண்டி நொண்டி நடக்கிற செஸ்டர் நிஜமாகவே கால் முடியாதவரா? அப்பா ஆமாம் என்று அடித்துச் சொல்கிறார்.

*

சுருட்டுமீசை:

அப்பா தோற்றார். செஸ்டராக நடித்த டென்னிஸ் வீவர் கல்லூரியில் தடகள வீரர், 1948இல் ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் டெக்காத்லானில் ஆறாவதாக வந்தவர். கூடவே நிற்கிற ஆள் இவ்வளவு திடகாத்திரமாக இருந்தால் சண்டை வரும்போது ஏன் இறங்கி அடிக்கவில்லை என்று பார்க்கிறவன் கேட்பானே, அதனால் காலை விறைத்துக்கொண்டார். ஹீரோ ஆறடி ஏழு அங்குலம், அவருக்குச் சமமாகத் தெரியாமல் இருக்க இவரைக் குறைக்க வேண்டியிருந்தது. ஒன்பது வருடம் அந்தக் காலை மடக்காமல் ஷூ மாட்டினார், அடுப்பு மூட்டினார், படி ஏறினார், 1959இல் டிவிக்கான எம்மி விருதும் வாங்கினார். வீட்டில் ஒரு பத்து நிமிஷம் முட்டியை மடக்காமல் காபி போட்டுப் பாருங்கள், தெரியும்.

அவர் தொடரை விட்டுப் போன பிறகு ஃபெஸ்டஸ் என்ற புதுத் துணை வருவார், ரூத் என்ற கோவேறு கழுதையோடு. அந்தக் கரகரத்த பட்டிக்காட்டுக் குரலுக்குள் இருப்பவர் கென் கர்ட்டிஸ், அருமையான பாடகர். அவருடைய அப்பா கொலராடோவில் ஷெரீப், கீழே சிறை, மேலே குடித்தனம், கைதிகளுக்குச் சமைத்துப் போட்டது அம்மா. வெஸ்டர்ன் நடிகர்களில் நிஜமான ஷெரீப் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த ஆள் ஊருக்கு நகைச்சுவைத் துணையாகத்தான் வந்தார்.

*

லாடக்காரன்:

கோவேறு கழுதை வந்தாயிற்று என்றால் எனக்கு வேறு புகார் இல்லை.

*

அரளிப்பூ:

நேற்று ராத்திரி ரெட் ரிவர் பார்த்தோம். பல்செட் பந்தயக் காட்சி வந்தபோது நான் பயந்து பயந்து அப்பா பக்கம் திரும்பினேன். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. படம் முடிந்து எழுந்து போனார், பாத்ரூமில் டம்ளர் சத்தம் கேட்டது, பல்லைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, "அந்தச் சீட்டாட்ட சீனை இன்னொரு தடவ போடு" என்றார்.